கோ: ஒரு சொல் விளக்கம்

ஜப்பானிய மொழியில் ‘கோ’ என்றால் பெற்றோரைப் பேணும் கடமை. சீனத்தில் இதை ‘சியாவ்’ என்பார்கள். இச்சொல்லை எழுதும் எழுத்தின் மேற்பகுதி முதியவரையும் கீழ்ப்பகுதி பிள்ளையையும் குறிக்கும். முதியவரைப் பிள்ளை தாங்குகிறது என்பது மரபான விளக்கம்.

கன்பூசியஸின் போதனைகளோடு ஜப்பானுக்கு வந்த சொல் இது. பெற்றோர் பக்தியைப் போதிக்கும் ‘கோக்யோ’ என்னும் சீன நூலை வீட்டுக்கொரு படி வைத்திருக்குமாறு பேரரசி கோகென் 757இல் ஆணையிட்டார். நகாயே தோஜு (1608–1648) என்னும் அறிஞர் பெற்றோர் பக்தியையே எல்லா அறங்களுக்கும் வேராகக் கொண்டார். 1890இல் வெளிவந்த பேரரசரின் கல்வி ஆணையும் மாணவர்களுக்கு முதலில் சொன்ன கடமை இதுதான்.

சமயத்திலும் இதன் தடம் ஆழமானது; இறந்த பெற்றோரையும் பேணுவது ‘கோ’வின் பகுதி. பௌத்த வீடுகளில் இறந்தவர் பெயர் பொறித்து வைக்கும் ‘இஹாய்’ பலகை, சீனக் கன்பூசிய மரபில் பிறந்து ஜென் பௌத்தம் வழியே பரவியது. புத்தரை வணங்கும் மாடத்திலேயே முன்னோரையும் வணங்குகிறார்கள்.

பெற்றோரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பிள்ளையின் செயலை ஜப்பானியர் இன்றும் ‘ஓயாகோகோ’ (பெற்றோருக்குச் செய்யும் ‘கோ’) என்றே பாராட்டுகிறார்கள். ஜப்பானில் கன்பூசியம் தனிச் சமயமாகக் கிளைத்ததைவிடக் குடும்ப ஒழுக்கமாகவே நிலைத்தது என்பதற்கு இச்சொல்லே சான்று.