பாஸில்டன்: மேடா, பள்ளமா?

இங்கிலாந்தில் பாஸில்டன் என்ற பெயரில் இரண்டு ஊர்கள். எசெக்ஸில் இருப்பது பெரிய நகரம். பெர்க்‌ஷயரில் தேம்ஸ் ஆற்றோரம் இருப்பது சிற்றூர். எழுத்துக்கூட்டல் ஒன்று, பிறப்பு வேறு. எசெக்ஸ் பெயரின் ஈறு 'டூன்'. பழைய ஆங்கிலத்தில் அது குன்று. பெர்க்‌ஷயர் பெயரின் ஈறு 'டெனு', அது பள்ளத்தாக்கு. 1086-இன் டூம்ஸ்டே நிலக்கணக்கில் இந்த ஊர் 'பாஸ்டெடெனே'. வாயில் தேய்ந்து தேய்ந்து மேடும் பள்ளமும் ஒரே 'டன்' ஆகிவிட்டன.

அந்தப் பள்ளத்தின் பெயரைச் சுமந்து, ஆற்றுக்கு மேலே உயரத்தில் நிற்கிறது பாஸில்டன் பார்க் மாளிகை. 1776-இல் கட்டடக் கலைஞர் ஜான் கார் வரைந்து தொடங்கியது. இதை ஜார்ஜியன் மாளிகை என்பார்கள். ஜார்ஜியா நாட்டோடு இதற்கு உறவில்லை. 1714 முதல் 1830 வரை ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களால் வந்த பெயர் அது.

கட்டச் சொன்னவர் பிரான்சிஸ் சைக்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வங்காளம் போய்ப் பெருஞ்செல்வத்தோடு திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களை அந்நாட்டார் 'நேபாப்' என்று ஏசினார்கள். ஆற்காட்டு நவாபின் பெயரோடு நமக்குப் பழகிய 'நவாப்'தான் அது. அரபியில் 'நாயிப்' என்றால் பிரதிநிதி. அதன் பன்மை 'நுவ்வாப்' இங்கே நவாப் என்ற பட்டமாகி, கப்பலேறிப் போய் வசைச்சொல்லானது. மாளிகையின் பெயரில் வங்காளம் இல்லை. கட்டியவரின் கூட்டத்துக்கு விழுந்த வசையில்தான் அது பதிந்திருக்கிறது. இவ்வளவு நேர்மையான சாட்சியம் அந்தக் கல்லில்கூட இல்லை என்பேன்.

மாளிகை நொடித்தபோதும் பெயர் ஊர் சுற்றியது. 1911-இல் மில்லிங்டன் நிறுவனம் தன் கடிதத்தாளுக்கு 'பாஸில்டன் பாண்ட்' என்று பெயர் வைத்தது. இரு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கும் மோனை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பின்னர் உள் அலங்காரங்கள் சில பெயர்த்தெடுக்கப்பட்டு நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்குப் போயின. அவை சேர்ந்த அறைக்கும் 'பாஸில்டன் அறை' என்றே பெயர். முதல் உலகப் போரில் இந்த வீடு மருத்துவமனை, இரண்டாம் போரில் படைத் தங்குமிடம். பாழடைந்து கிடந்ததை 1952-இல் இலிஃப் தம்பதியர் வாங்கிச் செப்பனிட்டு, 1978-இல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் கொடுத்தார்கள்.

2005-இல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' திரைப்படத்தில், கதையில் வரும் நெதர்ஃபீல்டு மாளிகையாக நடித்தது இதுதான். 'நெதர்' என்றால் கீழ், 'ஃபீல்டு' வயல். கீழ்வயல்! பள்ளத்துப் பெயர் கொண்ட வீட்டுக்குப் படத்திலும் தாழ்நிலப் பெயரே வாய்த்தது.

இன்று யாரும் சீட்டு வாங்கி உள்ளே போகலாம். போகும் தமிழர்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்று 'நவாப்' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.