கிண்ணமும் கொடையும்: முஹம்மத் அலியை நினைத்தல்

எங்கட ஊரில விளையாட்டு வீரர் ஒருவர் மர்ஹூமானால், அடுத்த வருஷமே அவர் பேரில் ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் வந்துவிடும். சுற்றுப்போட்டி, பிரதம அதிதி, பொன்னாடை. நானும் அத்தகைய குழுக்களில் இருந்தவன்தான். கடந்த முறை மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், இந்த மர்ஹூம் பந்தடிச்சது தவிர ஊருக்கு என்ன செஞ்சவர்?"

எனக்குப் பதில் தெரியும். ஒவ்வொரு ஜனவரியிலும் தன் சம்பளத்தில் அநாதைப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால், அவர் பேரில் நாம் நடத்திய போட்டியில் அந்தக் கொப்பிகளுக்கு இடமிருக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் முஹம்மத் அலியின் வரலாற்றை மீண்டும் புரட்டினேன்.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1942இல் பிறந்தவர் அலி. 1960இல் ரோமில் ஒலிம்பிக் தங்கம். 1964இல் உலக அதிபாரச் சம்பியன். 1967இல் வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்ததால் பட்டம் பறிபோனது. மூன்றரை வருடங்கள் குத்துச்சண்டை மேடை ஏற முடியவில்லை. 1971இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்கெதிரான தண்டனையை நீக்கியது. இவ்வளவும் பலர் அறிந்தவை.

குறைவாகப் பேசப்படுவது அவரது கொடை. 1975இல் நியூயோர்க்கில் மூடப்படும் நிலையிலிருந்த யூத முதியோர் நிலையம் ஒன்றுக்கு 100,000 டொலர் கொடுத்தார். மார்க்கம் வேறாக இருந்தது அவர் கையைத் தடுக்கவில்லை. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. பேச்சுத் தளர்ந்திருந்த அந்த நிலையிலும் 1990இல் பக்தாத் சென்று, அங்கு தடுத்துவைக்கப்பட்டிருந்த அமெரிக்கர் 15 பேரை அழைத்துவந்தார். தன்னைப் பீடித்த நோய்க்கே 1997இல் பீனிக்ஸ் நகரில் தன் பேரில் ஒரு சிகிச்சை நிலையம் அமையத் துணைநின்றார். 2005இல் மனைவி லோனியுடன் சேர்ந்து லூயிவில்லில் அலி நிலையத்தைத் திறந்தார். அந்நிலையம் முன்வைக்கும் ஆறு விழுமியங்களுள் ஒன்று, கொடுத்தல்.

2016 ஜூன் 3இல் அவர் வபாத்தானார். ரமழானின் ஆரம்ப நாட்களில், ஜூன் 9ஆம் திகதி, லூயிவில்லில் ஜனாஸாத் தொழுகை நடந்தது. பின்னர் 2019இல் அவ்வூர் விமான நிலையமும் அவர் பேரைப் பெற்றது. அது ஊர் செய்த மரியாதை. ஆனால் பீனிக்ஸில் நடுங்கும் கையோடு வரும் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சை வேறு வகையான நினைவு. மற்றவர்கள் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கையில் தொடங்கிவைத்ததை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதுமாயிருந்தது.

மனிதன் மரணித்த பின்னும் அவனோடு தொடர்பவற்றுள் ஒன்றாக ஸதகத்துல் ஜாரியாவை நபி (ஸல்) அவர்கள் சொல்லித்தந்தார்கள். மேடையில் இதை எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். மைதானத்துக்கு மட்டும் அது இன்னும் வந்துசேரவில்லை.

கிண்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இளைஞர்கள் விளையாடட்டும், அதுவும் நல்லதே. ஆனால் மர்ஹூம் தன் கையால் செய்துவந்த நன்மை எது என்று முதலில் தேடி, அது நின்றுபோன இடத்திலிருந்து நாம் தொடர வேண்டும். அதற்குப் பிறகு கிண்ணம் வரட்டும்.

இந்த வருஷக் குழுக் கூட்டத்தில் பிரதம அதிதி யார் என்ற பேச்சு வருமுன் நான் ஒன்றைக் கேட்கப்போகிறேன்: "வாற ஜனவரி, அந்தக் கொப்பிகளை ஆர் வாங்குற?"