நிபந்தனையோடு வந்த நன்கொடை

வணிகவியல் பாடத்தில் லாப நோக்கமற்ற நிறுவனங்களின் கணக்கு என்று ஒரு அத்தியாயம் வரும். அதில் நன்கொடையை இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள். பொதுவாக வந்த நன்கொடையை வருமானத்தில் சேர்த்துவிடலாம். குறிப்பிட்ட காரியத்துக்கென்று வந்ததை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் காட்ட வேண்டும். பணம் கையில் இருந்தாலும் அது கடன் மாதிரிதான்! இந்த விதி உண்மையில் எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகர வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1873-இல் இறந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் 70 லட்சம் டாலர் எழுதி வைத்தார். பல்கலைக்கழகம் 1876-இல் தொடங்கியது. மருத்துவமனை 1889-இல் திறந்தது. ஆனால் மருத்துவக் கல்லூரி மட்டும் வரவில்லை. காரணம், பல்கலைக்கழகத்தின் பங்குப் பணம் பெரும்பாலும் பால்டிமோர் அண்டு ஒஹாயோ என்ற ஒரே ரயில்வே கம்பெனியில் இருந்தது. 1880-களின் இறுதியில் அந்தக் கம்பெனி நொடித்து ஈவுத்தொகை நின்றது. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்காதே என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதேதான்.

இந்த நேரத்தில்தான் நான்கு பெண்கள் உள்ளே வருகிறார்கள். மேரி எலிசபெத் காரெட், கேரி தாமஸ், மேரி க்வின், எலிசபெத் கிங். நால்வருமே அறங்காவலர்களின் மகள்கள். இதில் கேரி தாமஸ் 1877-இல் இதே பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தவர். பெண் என்பதால் வகுப்பில் உட்கார அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே விலகி, ஐரோப்பா போய், 1882-இல் சூரிச்சில் முனைவர் பட்டம் வாங்கினார். காரெட் அந்த ரயில்வே கம்பெனித் தலைவரின் மகள். தந்தையின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு வந்திருந்தது.

நால்வரும் சேர்ந்து பல நகரங்களில் பெண்கள் குழுக்களை அமைத்து, 1890-இல் ஒரு லட்சம் டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை: ஆண்களைச் சேர்க்கும் அதே விதிகளின்படி பெண்களையும் சேர்க்க வேண்டும். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஐந்து லட்சம் சேர்ந்தால்தான் கல்லூரி திறப்போம் என்றும் சொல்லிவிட்டது. அவ்வளவு பணம் எங்கே சேரப்போகிறது என்று நினைத்திருக்கலாம்!

1892 டிசம்பரில் காரெட் 3,06,977 டாலரைத் தாமே தருவதாக எழுதினார். இந்த முறை நிபந்தனைகள் கூடின. மாணவர்கள் பட்டம் பெற்ற பிறகுதான் சேர வேண்டும். அறிவியல் அடிப்படைப் பாடங்களும் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளும் தெரிந்திருக்க வேண்டும். எதையாவது மீறினால் பணம் தமக்கே திரும்ப வேண்டும் என்றும் எழுதி வைத்தார். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தகுதி அளவை முதலில் எழுதியவர் அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் வெல்ச். அவர் காகிதத்தில் கண்ட கனவைக் காரெட் ஒப்பந்தமாக்கிவிட்டார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய அன்றைய நிலவரம் தெரிய வேண்டும். அன்று பல மருத்துவக் கல்லூரிகள் ஆசிரியர்களே நடத்திய வியாபாரம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கூடக் கட்டணம் கட்டினால் சேரலாம். இப்படி ஒரு விதி வந்ததும், நாம் பேராசிரியர்களாக வந்தது நல்லதாயிற்று, மாணவர்களாக வந்திருந்தால் நமக்கே இடம் கிடைத்திருக்காது என்று டாக்டர் ஆஸ்லர் வெல்ச்சிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

1893-இல் கல்லூரி திறந்தது. முதல் வகுப்பில் 18 பேர், அதில் 3 பெண்கள். 1900-இல் பட்டம் பெற்ற ஃப்ளாரன்ஸ் சேபின் 1917-இல் அங்கேயே பேராசிரியரானார். 1925-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே. 1910-இல் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை நாட்டின் மருத்துவக் கல்லூரிகளை எல்லாம் அலசியபோது, முன்மாதிரியாகக் காட்டியது ஹாப்கின்ஸைத்தான்.

அப்படியானால் பணம் கொடுப்பவர் தலையிடுவது எப்போதும் நல்லதா? இல்லை. 1900-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்தது நேர்மாறு. பல்கலைக்கழகத்தைக் கணவருடன் சேர்ந்து நிறுவிய ஜேன் ஸ்டான்ஃபோர்டு, எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியரின் பேச்சு பிடிக்காமல் அவரை வெளியேற வைத்தார். ராஸ் பேசியதில் ஆசியர் குடியேற்றத்துக்கு எதிரான மோசமான கருத்துகளும் இருந்தன. ஆனாலும் ஒரு தனிநபரின் விருப்பு வெறுப்பு ஆசிரியரின் வேலையைப் பறிக்கலாமா என்று கேட்டுச் சக ஆசிரியர்கள் சிலர் ராஜினாமா செய்தார்கள். அவர்களில் ஒருவரான ஆர்தர் லவ்ஜாய், 1915-இல் கல்விச் சுதந்திரத்துக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் உருவானபோது முன்னணியில் நின்றார்.

என் பார்வையில் வித்தியாசம் இதுதான். காரெட் யாருக்கும் இடம் கேட்கவில்லை, யார் வாயையும் மூடவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்று கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த விதிக்கும் எல்லை இருந்தது. அவர் எழுதாததை நிர்வாகம் செய்யவில்லை. இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்க்க 1970 ஆனது. மருத்துவக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் முதன்முதலாகப் பட்டம் பெற்றது 1967-இல்தான்.

அதே பல்கலைக்கழகம் 2014-இல், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் கொடுத்த சலுகையை நிறுத்தியது. 2018-இல் அங்கே படித்த மைக்கேல் ப்ளூம்பெர்க் 180 கோடி டாலரை மாணவர் உதவித்தொகைக்கென்றே கொடுத்தார். குடும்பத்தின் பண வசதியைப் பார்க்காமல் தகுதியை மட்டும் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பது நோக்கம்.

கட்டிடத்தில் பெயர் பொறிக்கக் கொடுப்பவர்கள் நிறைய. வாசல் யாருக்குத் திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர்கள் குறைவு. அந்தப் பணம்தான் இன்றும் பொறுப்புகள் பக்கத்தில் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். உங்கள் கருத்து வேறாக இருந்தால் எழுதுங்கள், பேசலாம்.