இரண்டு படங்களில் ஒரு மதுரை



திருமலை நாயக்கர் மகாலை இன்று காண்போர் செப்பனிட்ட கோலத்தையே காண்கின்றனர். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் அது பழுதுபார்க்கப்பெற்றது. அதற்கு முந்தைய மதுரையை நமக்குக் காட்டுபவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்ந்த அவர், 1858இல் மதுரைக்கு வந்து கோயிலையும் சிதைந்து நின்ற மகாலையும் படம்பிடித்தார். பெரிய படங்களோடு மதுரை பற்றிய இரட்டைப் படங்களும் அவ்வாண்டே வெளியாயின.

இரட்டைப் படம் என்பது ஒரே காட்சியைச் சற்றே விலகிய ஈரிடங்களினின்று எடுத்து, அருகருகே ஒட்டிய அட்டையாகும். நம் கண்களுக்கிடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தொலைவு உண்டு. ஆதலின் ஒவ்வொரு கண்ணும் சிறிது வேறுபடக் காண்கிறது. அவ்வேறுபாட்டைக் கொண்டு மூளை ஆழத்தை உணர்கிறது என்பதை, 1838இல் இங்கிலாந்தில் வீட்ஸ்டன் என்பார் ஒரு கருவியால் மெய்ப்பித்தார்.

கருவி இல்லாதார் என் செய்வது? நானும் அவ்வகையினனே. நூலொன்றில் சிறிதாக அச்சிட்ட மதுரைத் தூண் மண்டபத்தின் இரட்டைப் படம் என் கைக்கு வந்தது. பல நாள் உற்று உற்று நோக்கினேன். இரண்டு தட்டைப் படங்களே தெரிந்தன; என் கண்ணிலேதான் ஏதோ குறை என்று எண்ணி வருந்தினேன். உற்று நோக்கியதே பிழை! அவ்வாறு நோக்குங்கால் இரு கண்களும் ஒரே புள்ளியில் கூடிவிடுகின்றன. இங்கோ இடக்கண் இடப்படத்தையும், வலக்கண் வலப்படத்தையும் தனித்தனியே காண வேண்டும்.

ஒருநாள் மாலை, ஒத்தக்கடைப் பக்கத்து வயல்வரப்பில் அமர்ந்து யானைமலையை நோக்கியிருந்தேன். அப்பார்வையை மாற்றாமலே படத்தை மெல்லக் கண்ணெதிரே உயர்த்தினேன். இரண்டு படங்கள் நான்காயின. நடுவிலிருந்தவை நழுவி ஒன்றன்மேல் ஒன்று படிய, மூன்றாயின. நடுப்படம் முதலில் மங்கலாயிருந்தது. பொறுத்திருந்தேன். அது தெளிந்தபோது முன்தூண் என்னை நோக்கி வந்தது. ஏனைய தூண்கள் ஒவ்வொன்றாக உள்ளே சென்றன. தாளுக்குப் பின்னால் ஒரு மண்டபமே திறந்திருந்தது! இமைத்தேன், மறைந்தது. மீண்டும் மலையை நோக்கினேன்.

முயல விரும்பும் மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்க: படங்களின் நடுப்பகுதிகள் கண்களின் இடைவெளியினும் அகன்றிருந்தால் இம்முறை எளிதில் பலிக்காது. பழைய அட்டைகள் பலவற்றைச் சிறிதாக்கியே காணவேண்டும். இரு கண்களும் ஒத்தியங்காதவர்க்கு இக்காட்சி எழாது. அது முயற்சிக் குறையன்று.

டிரைப்பின் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநர் டிரெவெலியன் செலவு மிகுதியென்று அதனை நிறுத்தச் செய்தார். அடுத்த ஆண்டில் அப்பதவியே ஒழிந்தது. மகாலைப் பழுதுபார்க்க வந்தவர்கள், அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தனர்.