மேரியில் எழுதிய பெயர்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளை அங்கே எப்படிக் காலூன்றும் என்று கேட்டால் குளிர், சாப்பாடு, பாஷை, தனிமை என்றுதான் பேச்சு ஓடும். புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போனவர்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அந்தக் கால் பாதி ஊன்றப்பட்டது இங்கேதான், ஒரு பதிவேட்டின் பக்கத்தில். வில்லியனூர் சாலையில் ரெட்டியார்பாளையத்தை ஒட்டியிருக்கும் மூலக்குளத்தில் பிரெஞ்சு வரலாற்றைத் தேடி எந்தச் சுற்றுலாப் பயணியும் வருவதில்லை. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் கடற்கரைப் பக்கத்தோடு நின்றுவிட்டன. ஆனால் அது உழவர்கரையைச் சேர்ந்த ஊர். 1880இல் புதுச்சேரிப் பகுதி புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று நான்கு கொம்யூன்களாக, அதாவது நகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியும் பிரெஞ்சு முறை இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விரிவாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதன்பின் பிறந்த குழந்தையின் பெயர் வீட்டோடு நிற்கவில்லை, ‘மேரி’ எனப்படும் நகராட்சி அலுவலகத்துக்கும் போனது. பிரான்சில் அந்தக் குழந்தையின் கொள்ளுப்பேரனுக்கு வழிவிட்டதும் விடாததும் பெரும்பாலும் அந்த எழுத்துதான்.

பெயரே முதல் சிக்கல். பிரெஞ்சுப் படிவத்தில் ‘நொம்’ என்ற குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், ‘பிரெநொம்’ என்ற சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். தமிழரிடம் இருப்பதோ தன் பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும். குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பும் வழி புதுச்சேரியில் ஒரு சட்டத்தோடு வந்தது. 1881 செப்டம்பர் ஆணையின்படி, தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னோடியாக நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் ஐரோப்பியச் செருப்பு அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் மேல்முறையீடு வரை போய் வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் ‘லா போர்த்’, அதாவது வாசல். பெயர்ப் பொருத்தத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே மிகுதி. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனில் அரசு உத்தியோகத்துக்குப் போனபோது அந்தத் துறப்புக் காகிதம்தான் அவர்களைப் பிரெஞ்சுக்காரர் வரிசையில் நிறுத்தியது.

பாஷை தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான், 1826 முதல் இங்கே லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளி இருக்கிறது, 1838இல் சட்டப்பள்ளி, 1863இல் மருத்துவப் பள்ளி என்று பிரெஞ்சில் கற்க இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் பின்னாளில் ஜிப்மருக்கு முன்னோடியாக அமைந்த அந்த மருத்துவப் பள்ளியில் பிரெஞ்சில் படித்துத் தேறியவர், பிரான்சின் டாக்டர் பட்டம் பெற்றவராகிவிடவில்லை. நாக்கு தயாராக இருந்தது, சான்றிதழ் கடலைத் தாண்டவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி 1962. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் தாமாகவே இந்தியராவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். விளைவு என்ன? ஒரே தெரு, ஒரே லிசே, ஒரே பெஞ்சு, ஒரே பிரெஞ்சு. தாத்தா கையெழுத்துப் போட்ட வீட்டுப் பிள்ளை பாஸ்போர்ட்டோடு போகிறது, போடாத வீட்டுப் பிள்ளை விசாவுக்கு நிற்கிறது. பாஷையும் பள்ளியும் சமமாக இருந்தும் அனுபவம் இரண்டானால், காரணத்தை வேறெங்கே தேடுவது? 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்குக் கட்டணத்தைத் தனியாக்கியபோது இந்த வித்தியாசத்துக்கு விலையும் எழுதப்பட்டது: அன்று இளநிலைக்கு ஆண்டுக்கு 170 யூரோ கட்டிய இடத்தில் 2,770, முதுநிலைக்கு 243க்குப் பதில் 3,770. பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளித்தன என்பது உண்மை. விலக்கு என்பது கொடுத்தால்தான் கிடைக்கும், உரிமை அப்படியல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. 1980களில் பாரிசுக்கு வந்த ஈழத்தமிழர்களிடம் பிரெஞ்சும் இல்லை, மேரிப் பதிவும் இல்லை. அவர்கள் அந்நகரின் லா ஷப்பேல் பகுதியில் கடைத்தெரு கண்டார்கள், 1985இல் மாணிக்க விநாயகர் கோயிலையும் எழுப்பினார்கள். காகிதம்தான் எல்லாம் என்றால் இது எப்படி நடந்தது? உறவும் ஊரும் சேர்ந்து தாங்கின என்பதை மறுக்க முடியாது. புதுச்சேரி மாணவர் பலருக்கும் முதல் மாதச் சோறு போட்டது அந்தத் தெருதான். ஆனாலும் அந்த அகதிகளும் தங்கள் பாரிஸ் வாழ்வின் முதல் வருடங்களை ஒரு காகிதத்துக்குக் காத்தே கழித்தார்கள், அகதி என்று அரசு ஏற்கும் காகிதத்துக்கு. அவர்கள் கையில் வேறு வழியில்லாத காலம் நிறைய இருந்தது. மாணவரிடம் அது இல்லை. இறங்கிய மூன்று மாதத்துக்குள் நீண்டகால விசாவை உறுதிசெய்ய வேண்டும், மருத்துவக் காப்பீட்டுக்குப் பிறப்புச் சான்று கொடுக்க வேண்டும், அதற்குள் முதல் தேர்வும் வந்துவிடும்.

காகிதத்துக்கு இவ்வளவு எடை தருவது காலனியக் காலத்துப் பழக்கம், இன்றைக்குப் பொருந்தாது என்பாரும் உண்டு. காலனி அலுவலகமுறை வேரூன்றும் முன்னரே இதே கதை நடந்திருக்கிறது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினரான நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியின் பிரெஞ்சு ஆட்சியால் தண்டிக்கப்பட்டு 1717இல் சிறையில் இறந்தார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை நீதி கேட்டுப் பாரிசுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஓர்லெயான் கோமகனின் ஆதரவில் செவாலியே பட்டத்தோடு திரும்பினார், 1724இல் மறைந்தார். பாரிஸ் அவரை ஏற்றது புதிய பெயரோடும் புதிய பட்டத்தோடும்தான். அவர் பிரெஞ்சு எவ்வளவு நன்றாகப் பேசினார் என்பது அதற்குப் பிந்திய விஷயம்.

இன்று இரு நாட்டு அரசுகளும் 2030க்குள் முப்பதாயிரம் இந்திய மாணவர் பிரான்சில் படிக்க வேண்டுமென்று இலக்கு வைத்திருக்கின்றன. மூலக்குளத்துப் பிள்ளை ஒன்று அந்தக் கணக்கில் சேர வேண்டுமானால், முதலில் உழவர்கரை நகராட்சியில் பிறப்புச் சான்று எடுக்க வேண்டும். அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்தில் முத்திரை வேண்டும். இந்தியா அந்த முறைக்குள் வந்தது 2005இல். பின் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சாக்க வேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்து அந்த மொழிபெயர்ப்பில் எந்தக் கட்டத்தில் போய் விழுகிறது என்பதைக் கவனித்து வாங்கிக்கொள்வது நல்லது. அதன்பின் படிப்பு முடியும்வரை பிரெஞ்சு அலுவலகம் ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும்.