வாட்டர் பம்ப்புக்குக் கீழே ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்

1992 ஷெவர்லே கார்வெட்ல எல்டி1னு ஒரு 5.7 லிட்டர் எஞ்சின் வந்துச்சு. 300 குதிரைசக்தி. அதோட டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பேரு ஆப்டிஸ்பார்க். முந்தைய எஞ்சின்ல பின்பக்கம் இருந்ததை இதுல முன்பக்கம், கேம்ஷாஃப்ட் முனையிலேயே மாட்டிட்டாங்க. உள்ளே 360 கீறல் போட்ட தட்டு சுத்தும். கீறல் வழியா வர்ற ஒளியை எண்ணி, எப்போ ஸ்பார்க் கொடுக்கணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். மூளைக்கார வேலைதான்.

ஆனா வெச்ச இடத்தைப் பாருங்க மக்களே, நேரா வாட்டர் பம்ப்புக்குக் கீழே! பம்ப் கசிஞ்சா கூலன்ட் எல்லாம் இது தலையில. ஆரம்ப மாடல்கள்ல உள்ளே போன ஈரம் வெளியேறவும் ஒழுங்கான வழி கிடையாது. (டிசைன் ரிவ்யூல யாருமே கேள்வி கேக்கலையா? :-))

மழையில திக்கித்திணறி, காஞ்சதும் ஒழுங்கா ஓடுற எல்டி1-ன்னா முதல் சந்தேகம் இது மேலதான். மாத்தணும்னா பம்ப், கிராங்க் முனையில இருக்கிற டேம்பர் எல்லாத்தையும் கழட்டணும். கசியுற பம்ப்பை அப்படியே விட்டுட்டு இதை மட்டும் மாத்தினா, புதுசும் அதே வழியில போய்ச் சேரும்.

1995 வாக்குல காத்து உறிஞ்சுற குழாய் வெச்சுப் பார்த்தாங்க. 1997 கார்வெட்டுக்கு வந்த எல்எஸ்1 எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. எட்டு சிலிண்டருக்கு எட்டு காயில்.