யாருடைய எலும்பு?

விரலளவுக் கண்ணாடிக் குப்பி. உள்ளே ரவையைப் போல வெள்ளைக் குருணல். ஒரு மணி கால் மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை. கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ பல் வைத்தியரின் கதிரையில் சாய்ந்திருப்பவர் இதைக் கண்டால், விலையைக் கேட்குமுன் வேறொன்றைக் கேட்பார்: "டொக்டர், இது என்னத்துட எலும்பு?"

கேள்வி புதிதல்ல. ஆம்ஸ்டர்டாம் சத்திரவைத்தியர் யோப் வான் மேக்கரனின் நூல் 1668இல் அச்சானது. வாள்வெட்டில் மண்டையோடு உடைந்த ருசியப் படைவீரர் ஒருவருக்கு நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து மூடியதாக அதில் ஒரு கதை உண்டு. காயம் ஆறியது, ஆனால் நாயெலும்பு சுமந்தவரைத் தேவாலயம் ஏற்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்று அவர் திரும்பி வந்தபோது எடுக்க முடியவில்லையாம். அது அவருடைய எலும்போடு ஒன்றிப் போயிருந்தது.

இன்றைய குப்பிக்குப் பல பிறப்பிடங்கள். உலகெங்கும் பெயர்பெற்ற ஒருவகைத் தூள் மாட்டெலும்பில் பிறக்கிறது. அதைச் செய்யும் சுவிட்சர்லாந்தின் கைஸ்ட்லிக் நிறுவனம், 1851இல் எலும்பிலிருந்து பசை காய்ச்சத் தொடங்கியது. கொழுப்பும் புரதமும் வெப்பத்தாலும் இரசாயனத்தாலும் நீக்கப்பட, தேனும் புழுவும் போன தேனடைபோல் வெறும் தாது மிஞ்சுகிறது.

இன்னொரு குப்பி மனிதரிடமிருந்து வருகிறது. 1965இல் அமெரிக்க வைத்தியர் மார்ஷல் யூரிஸ்ட், அமிலத்தில் தாது கரைந்த எலும்பைத் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இல்லாத இடத்தில் எலும்பு முளைத்தது. பிறகு தானம் பெற்ற எலும்பைச் சேமிக்கும் திசு வங்கிகள் பல நாடுகளில் எழுந்தன. மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையில் 1988இல் ஒன்று வந்தது. கொழும்பில், டொக்டர் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தானச் சங்கம், சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியோடு 1996இல் ஒன்றைத் திறந்தது. உலகுக்குக் கண் அனுப்பிய இடத்தில் எலும்பும் காமாக் கதிரில் கிருமி நீங்கிக் காத்திருக்கிறது.

மூன்றாவது வழியில் குப்பியே இல்லை. 2001இல் பிரான்சின் ஜோசப் ஷூக்ரூன் சொன்ன முறை: நோயாளியின் கையிலிருந்து சில மில்லிலீற்றர் இரத்தம், உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் உடனே சுழற்றுவது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நடுவில் மஞ்சள் ஜெல்லி திரளும். யாருடையது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

எங்கிருந்து வந்தாலும் போய்ச் சேருமிடம் கடைவாய்ப் பல்லின் வேருக்குப் பக்கத்துப் பள்ளம். பற்காரையில் குடியேறும் கிருமிகளை எதிர்க்கப் புறப்படும் உடலின் காவல்தான் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கிறது. எல்லோருக்கும் ஒரே வேகத்தில் அல்ல. 1970இலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டங்களின் 480 ஆண்களைப் பின்தொடர்ந்த ஹரால்ட் லோவின் குழு, 15 ஆண்டுகளில் 8 வீதத்தினருக்கு எலும்புப் பிடி வேகமாக இளகியதையும், 11 வீதத்தினருக்கு நோய் முரசு வீக்கத்தோடு நின்றதையும் கண்டது.

முரசைத் திறந்து வேரைச் சுரண்டித் துப்புரவாக்கினால் போதாதா? பள்ளத்துக்குள் ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. முரசுத் தோல் முந்தி இறங்கி வேரோடு ஒட்டிவிடும்; பல்லைப் பிடிக்கும் நாரும் எலும்பும் மெதுவாக வருபவை. 1976இல் ஆய்வாளர் மெல்ச்சர் இதை விளக்கினார். 1982இல் நைமனும் தோழர்களும் இடையில் ஒரு திரையை மறித்து, பிந்தியவர்களுக்கு வழி விட்டார்கள். தூளின் வேலையும் இடம் பிடித்து வைப்பதுதான். திரைகளில் பன்றியின் கொலாஜனில் செய்தவையும் உண்டு; ஆகவே தூளைப் பற்றிக் கேட்கிறவர் திரையைப் பற்றியும் கேட்கவேண்டும். மாட்டிலிருந்து வந்த திரையும் செயற்கைத் திரையும் இருக்கின்றன.

எல்லாப் பள்ளமும் நிரம்பாது. மூன்று பக்கமும் எலும்புச் சுவர் நிற்கும் குழி நன்றாகப் பிடிக்கும். சுற்றிலும் சமமாகத் தேய்ந்த எலும்பும், வேர்களுக்கிடையே மறுபக்கம் வரை ஊடுருவிய ஓட்டையும் எளிதில் மசியா. சிகரெட்டையும் வெற்றிலைப் பாக்கையும் விடாதவர் பள்ளத்தை மறுபடி தோண்டுகிறார். மிஸ்வாக் குச்சி புகாத கடைவாய் இடுக்குக்குச் சின்னத் தூரிகை வேண்டும்.

ஆறு மாதம், ஒன்பது மாதம் கழித்து எக்ஸ்ரே எடுப்பார்கள். பள்ளம் வெள்ளையாகத் தெரியும். அதில் மாட்டின் மணி எது, தன் எலும்பு எது என்று படத்தை வைத்துப் பிரித்துச் சொல்வது டொக்டருக்கே கடினம். ஆகவே அவர் மெல்லிய அளவுகோலை முரசுக்குள் விட்டு, முன்பு ஏழு மில்லிமீற்றர் இறங்கியது இப்போது எதுவரை இறங்குகிறது என்று பார்ப்பார்.